எலியின் நுரையீரலிலிருந்து மனித மூளைக்கு வரும் புழு

கடுமையான தலைவலியுடன் சேர்க்கப்படும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நாங்கள் வழக்கமான வினாக்களோடு ஒரு விந்தையான வினாவையும் கேட்பதுண்டு: “கடந்த ஒரு மாதத்தில் இவர் உடும்புக்கறியோ, நத்தையோ, வேகாத நண்டோ உண்டாரா?” பலர் வியப்படைகின்றனர். தலைவலிக்கும் உடும்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சற்றே கோபமும் கொள்கின்றனர். வேறு சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, “அதெல்லாம் இல்லை, ஐயா” என்று விரைந்து மறுக்கின்றனர். இந்த வினா ஏன் கேட்கப்படுகிறது, அதற்கு உண்மையான விடை கிடைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலங்குகளிடமிருந்து தொற்றும் நோய்கள் என்றவுடன் வெறிநாய்க்கடியும் எலிக்காய்ச்சலும் நம் நினைவுக்கு வரும். புழு என்றால் பள்ளியில் குழந்தைகளுக்கு வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரை நினைவுக்கு வரும். இங்கு நாம் பேசப்போகும் புழு இவ்விரண்டு வகையிலும் அடங்காது. அது எலியின் நுரையீரலில் வாழ்வது. நத்தையின் உடலில் வளர்வது. உடும்பு, நண்டு, தவளை ஆகியவற்றின் உடலில் காத்திருப்பது. தவறி மனித உடலுக்குள் புகுந்தால் மூளையைச் சென்றடைவது. ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கேண்டோனென்சிஸ் என்பது அதன் அறிவியற்பெயர். நாவில் எளிதாக வராத பெயர் என்பதால், எலி நுரையீரற்புழு என்றே இனிக் குறிப்பிடுவோம்.

எலிக்கும் நத்தைக்கும் இடையே

1935ஆம் ஆண்டு சீனாவின் கான்டன் நகரில், அதாவது இன்றைய குவாங்சௌவில், எலிகளின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்ட இப்புழுவைச் சென் என்னும் சீன ஆய்வாளர் முதன்முதலாக விவரித்தார். அந்த நகரின் பெயரே புழுவின் பெயரிலும் நிலைத்துவிட்டது. முதிர்ந்த புழு நூல்போல் மெல்லியது. இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்புழுவின் உடலுக்குள் குருதி நிறைந்த சிவந்த குடலை வெண்ணிறக் கருப்பைக் குழல்கள் சுற்றிச் செல்வதால், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போல் அது தோன்றும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாளங்களில் இது தங்கி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் நுரையீரலின் காற்றறைக்குள் புகுந்து, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறுகின்றன. எலி அவற்றை விழுங்குகிறது. அவை எலியின் புழுக்கையுடன் வெளியேறுகின்றன.

ஈரமான மண்ணில் கிடக்கும் எலிப்புழுக்கை நத்தைகளுக்கு உணவு. ஓடுள்ள நத்தையானாலும், மழைக்காலத்தில் குளியலறைச் சுவரிலும் தொட்டிச் செடியிலும் ஊரும் ஓடில்லாத நத்தையானாலும் இதில் வேறுபாடில்லை. நத்தையின் உடலில் இளம்புழு இருமுறை தோலுரித்து, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அடுத்த விலங்கைத் தொற்றக்கூடிய நிலையை அடைகிறது. அந்த நத்தையை எலி தின்னும்போது வட்டம் மீண்டும் தொடங்குகிறது.

வட்டத்தின் இந்தப் பகுதியில்தான் நமக்குரிய செய்தி உள்ளது. நத்தையோடு எலியின் வயிற்றுக்குள் சென்ற இளம்புழு நேராக நுரையீரலுக்குச் செல்வதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் குருதியோட்டத்தில் கலந்து, முதலில் எலியின் மூளைக்குச் செல்கிறது. அங்கே மேலும் இருமுறை தோலுரித்து, சில வாரங்கள் வளர்ந்து, மூளையின் மேற்பரப்புக்கு வந்து, சிரைகளின் வழியே இதயத்தையும் அதன்பின் நுரையீரலின் நாளங்களையும் அடைகிறது. விழுங்கப்பட்ட நாளிலிருந்து புதிய தலைமுறை புழுக்கையில் வெளிவரும் வரை ஏறத்தாழ ஆறு வாரங்கள். இந்தச் சிக்கலான பயணத்தை 1955இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மெக்கராஸ், சாண்டர்ஸ் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்தனர். மூளை, எலியைப் பொறுத்தவரை, இப்புழுவுக்கு ஒரு வழித்தங்கல் மட்டுமே. எலியும் புழுவும் நெடுங்காலம் பழகியவை. புழுக்களின் எண்ணிக்கை மிகாதவரை எலி பெரிய துன்பமின்றி நடமாடுகிறது.

மனித உடலிலும் இளம்புழு அதே வழியில் மூளையை அடைகிறது. அதன்பின் அதற்கு வழி தவறிவிடுகிறது. பெரும்பாலான புழுக்கள் மூளையிலும் அதனைச் சூழ்ந்த உறைகளிலும் அலைந்து அங்கேயே மடிகின்றன. அவை மடியும்போது நம் உடல் காட்டும் எதிர்ப்பே நோயின் பெரும்பகுதி. மனிதனுக்குள் இப்புழு பொதுவாக முதிர்ந்து முட்டையிடுவதில்லை என்பதால், ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு இது பரவாது. வார்டில் அருகில் அமர்ந்து உணவூட்டும் தாய்க்கோ, உடன் தங்கும் துணைவருக்கோ எவ்வித அச்சமும் வேண்டுவதில்லை. நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே வைக்க வேண்டியதும் இல்லை.

கப்பல்களும் தோட்டத்து நத்தைகளும்

கான்டன் நகரத்து எலியின் புழு எவ்வாறு உலகம் சுற்றியது? விடை எளிது: எலிகள் கப்பலேறின. துறைமுகம் தோறும் இறங்கிய எலிகளோடு புழுவும் இறங்கியது. அங்கிருந்த நத்தைகள் அதனை ஏற்றுக்கொண்டன. எந்த நத்தையானாலும் பெரிதும் பொருந்திக்கொள்வது இப்புழுவின் இயல்பு.

நத்தைகளும் தம் பங்குக்குப் பயணம் செய்தன. அவற்றுள் முதலிடம் ராட்சத ஆப்பிரிக்க நத்தைக்குரியது. கையளவு வளரும் இந்த நத்தை இந்தியாவுக்கு வந்த வரலாறு வியப்புக்குரியது. 1847இல் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரிஷியஸிலிருந்து உயிருள்ள இரு நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. ஒரு சிப்பி, நத்தை ஆர்வலரின் பொழுதுபோக்கு அவ்வளவே. இன்று அதன் வழித்தோன்றல்கள் நாட்டின் பல மாநிலங்களில் பயிர்களை அழிக்கின்றன. கேரளத்தில் மழைக்காலந்தோறும் வாழைத்தோப்புகளிலும் வீட்டு மதில்களிலும் அவை நூற்றுக்கணக்கில் ஏறி நிற்பது வழக்கமான காட்சியாகிவிட்டது. அங்குச் சேகரிக்கப்பட்ட நத்தைகளில் எலி நுரையீரற்புழுவின் இளநிலையும் கண்டறியப்பட்டுள்ளது. மும்பையின் பெருச்சாளிகளில் இப்புழு இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே தெரிவித்திருந்தனர். ஆகவே இது எங்கோ தூரதேசத்துப் புழு என்று நாம் ஒதுக்க இயலாது.

மனிதருக்கு வந்த நோயின் முதற்குறிப்பு 1945இல் தைவானிலிருந்து வெளிவந்தது; ஒரு சிறுவனின் தண்டுவட நீரில் புழு காணப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானிய மொழியில் வெளியான அக்குறிப்பைப் பிறர் நெடுங்காலம் அறியவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஹவாயில் இறந்த நோயாளியின் மூளையில் இப்புழுவைக் கண்ட பிறகே, பசிபிக் தீவுகளில் அடிக்கடி தோன்றிய ஒருவகை மூளையுறை அழற்சிக்கு இதுவே காரணம் என்று மருத்துவ உலகம் உணர்ந்தது. அதன்பின் கியூபா, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், பிரேசில், கேனரித் தீவுகள் என்று புழுவின் எல்லை விரிந்துகொண்டே வந்துள்ளது.

ஒரு புதிய இடத்துக்கு இப்புழு வந்துவிட்டதை மனிதருக்கு முன்பாக அங்குள்ள காட்டுவிலங்குகளும் பறவைகளும் அறிவித்துவிடுவதுண்டு. ஆஸ்திரேலியாவில் தவளைவாயன் என்னும் இரவுப்பறவை, நத்தைகளையும் புழுபூச்சிகளையும் உண்டு வாழ்வது, நிற்க இயலாமல் தலை சாய்ந்து தரையில் கிடக்கும். பழந்தின்னி வௌவால்களும் போசம் என்னும் மரவாழ் விலங்குகளும் இவ்வாறே கால் செயலிழந்து விழுகின்றன. வீட்டு நாய்க்குட்டிகள் பின்னங்கால்களை இழுத்து நடக்கின்றன. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இப்புழு இருப்பது தெரியவந்ததும் நரம்புத் தளர்ச்சியுற்ற முள்ளெலிகளை ஆராய்ந்தபோதுதான். எலியைத் தவிர மற்ற எந்த விலங்குக்கும் இப்புழு பழக்கப்பட்டதன்று. மூளைக்குள் வழிதவறும் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விலங்குகள் காட்டுகின்றன. நம் ஊர்களிலும் காட்டுவிலங்கு மருத்துவரும் கால்நடை மருத்துவரும் காண்பதை மனித மருத்துவர் கேட்டறியும் வழக்கம் பெருக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

உடும்பு ஏன் இதில் வருகிறது

நத்தையை உண்ணும் விலங்குகள் பல. நண்டு, நன்னீர் இறால், தவளை, உடும்பு ஆகியவற்றின் உடலுக்குள் சென்ற இளம்புழு அங்கு வளர்வதில்லை, மடிவதும் இல்லை. தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும் அப்படியே காத்திருக்கிறது. சுமைதூக்கி தன் சுமையை அடுத்தவர் தோளில் இறக்கிவைப்பது போல, அந்த விலங்கை உண்பவருக்கு அது சென்று சேர்கிறது. உடும்பு நெடுங்காலம் வாழ்வது. வாழ்நாள் முழுதும் நத்தை, தவளை, பூச்சி என்று கிடைத்தவற்றை உண்பது. எனவே ஓர் உடும்பின் உடலில் ஏராளமான இளம்புழுக்கள் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

உடும்பைப் பற்றிய நம்பிக்கைகள் நம் ஊர்களில் வேரூன்றியவை. சுவரைப் பற்றினால் விடாத அதன் வலிமையிலிருந்தே உடும்புப்பிடி என்னும் வழக்குத் தோன்றியது. அந்த வலிமை உண்பவருக்கும் வரும் என்று எண்ணுகின்றனர். ஆஸ்துமாவுக்கு, மூலத்துக்கு, முதுகுவலிக்கு, ஆண்மைக்கு என்று கூறி அதன் குருதியைச் சூடாகவே குடிப்பதும், கல்லீரலை வேகவைக்காமல் விழுங்குவதும், மதுவில் கலந்து அருந்துவதும் இன்றும் நடக்கின்றன. இந்நம்பிக்கைகளுள் எதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் வேகாத உடும்பிறைச்சி உண்டபின் மூளையுறை அழற்சி கண்ட நோயாளிகளைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியுள்ளனர். ஒரே உடும்பைப் பகிர்ந்துகொண்ட நண்பர்கள் அடுத்தடுத்து நோயுறுவதும் உண்டு.

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் இதற்கு இணையான ஒரு வழக்கம் உளது. வயலில் பிடித்த நன்னீர் நத்தையை நறுக்கி, மசாலையும் புளிப்பும் சேர்த்துப் பச்சையாகவே உண்பர். பெரும்பாலும் ஆண்கள், மதுவுடன். உலகிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் அது ஒன்று. புளிப்போ காரமோ மதுவோ இளம்புழுவைக் கொல்வதில்லை. சீனாவின் பெய்ஜிங் நகரில் 2006ஆம் ஆண்டு, சரியாக வேகாத பெரிய நன்னீர் நத்தைகளை உணவகத்தில் உண்ட 160 பேர் நோயுற்றனர்.

நம் காவிரிப் படுகையிலும் பிற வயல்புறங்களிலும் நத்தையைச் சமைத்து உண்ணும் வழக்கம் தொன்மையானது. அதனை நான் குறைகூறவில்லை. கொதிக்கும் நீரில் நன்றாக வேகவைத்து, ஓட்டிலிருந்து எடுத்துக் கழுவி, மீண்டும் குழம்பில் கொதிக்கவிடும் நம் பாட்டிமார் முறையில் எந்தப் புழுவும் பிழைக்காது. துன்பம் தருவது பச்சையாகவும் அரைவேக்காடாகவும் உண்பதே.

உடும்பைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. அதனை வேட்டையாடுவதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. இச்சட்டம் வேண்டியதே. ஆயினும் மருத்துவமனையில் அதன் விளைவு ஒன்றை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்: அச்சத்தால் குடும்பத்தார் உண்மையை மறைக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எட்டு நாட்களாகத் தீராத தலைவலியுடன் எங்களிடம் வந்தார். கழுத்து விறைத்திருந்தது, காய்ச்சல் பெரிதாக இல்லை. உணவு பற்றிக் கேட்டபோது அவரும் மனைவியும் ஒன்றுமில்லை என்றனர். நம் நாட்டில் நாள்பட்ட தலைவலியும் கழுத்து விறைப்பும் கண்டால் காசநோய் மூளையுறை அழற்சியை எண்ணிப்பார்ப்பது எங்கள் கடமை. அதற்கான மருந்துகளைத் தொடங்குவது பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தோம். அன்று மாலை நோயாளியின் அக்கா செவிலியரைத் தனியே அழைத்து, “தம்பி இழுப்புக்காக உடும்பு ரத்தம் குடிச்சான், சிஸ்டர். டாக்டர்கிட்ட சொன்னா ஃபாரஸ்ட்காரங்க வந்துடுவாங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் பல மாதச் சிகிச்சையின் திசையையே மாற்றியது. தண்டுவட நீரை மீண்டும் உரிய சாயமிட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் அவர் நடந்தே வீடு திரும்பினார்.

என்ன உண்டார், எப்போது உண்டார், யாருடன் உண்டார் என்று நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே. நோயாளி மருத்துவரிடம் கூறுவதைக் காப்பது மருத்துவரின் தொழிலறம். வார்டில் பலர் முன்னிலையில் கூறத் தயங்கினால் தனியறையில் பேச வேண்டும் என்று கேளுங்கள். செவிலியரிடம் கூறினாலும் போதும்.

மூளையில் நிகழ்வதும் வெளியே தெரிவதும்

இளம்புழு உட்சென்ற ஒன்று முதல் மூன்று வாரங்களில் அறிகுறிகள் தொடங்குவது வழக்கம். முதன்மையானது தலைவலி. “மண்டை வெடிப்பதுபோல்” என்றே பெரும்பாலோர் கூறுவர். வழக்கமான மாத்திரைகளுக்கு அது பணிவதில்லை. வாந்தியும் கழுத்து விறைப்பும் உடன் வரும். காய்ச்சல் இல்லாமலோ, குறைந்த அளவிலோ இருக்கும். உடலின் ஏதேனும் ஒரு பகுதியில் தோல் கூசுவதும், எரிவதும், எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் இந்நோயின் தனிக்குறி. சட்டை உரசினாலும் தாங்க முடியவில்லை என்று நோயாளி கூறுவார். பார்ப்பவர்க்குத் தோலில் எதுவும் தெரியாது. குடும்பத்தார் இதனை மனநோய் என்றோ பாசாங்கு என்றோ கருதிவிடுவதுண்டு. அவ்வாறு கருத வேண்டா. நரம்பு வேர்களில் ஏற்படும் அழற்சியே இதற்குக் காரணம்.

சிலருக்குப் பார்வை இரட்டையாகும். முகம் ஒருபுறம் கோணும். மிக அரிதாகப் புழு கண்ணுக்குள்ளேயே சென்றுவிடும். அப்போது பார்வை மங்கும், கண் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். சிறுவர்களிடம் காய்ச்சலும் வாந்தியும் மிகுதி. தலைவலியைச் சொல்லத் தெரியாத குழந்தை சோர்ந்து உறங்கிக்கொண்டே இருக்கும், மாறுகண் தோன்றும். பெரும்பாலான நோயாளிகள் முழுமையாகக் குணமடைகின்றனர். உட்சென்ற புழுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாயின் நினைவிழப்பும் உயிரிழப்பும் நேரலாம். ஆஸ்திரேலியாவில் நண்பர்களின் விளையாட்டுப் பந்தயத்துக்காக ஓடில்லாத நத்தையை விழுங்கிய ஓர் இளைஞர் ஓராண்டுக்கும் மேல் நினைவின்றிக் கிடந்து, பல ஆண்டுகள் உடல் செயலிழந்து வாழ்ந்து இறந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

முதுகில் ஊசி: வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

இந்நோயை உறுதி செய்ய முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசியிட்டுத் தண்டுவட நீரைச் சிறிதளவு எடுக்க வேண்டும். இச்சோதனைக்கு ஒப்புதல் கேட்கும்போது பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. “முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்” என்று யாரோ கூறியிருப்பர். ஊசி செலுத்தப்படும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. அங்கே நீரும் நரம்பிழைகளும் மட்டுமே உள்ளன. முறையாகச் செய்யப்படும்போது கால் செயலிழப்பது மிக மிக அரிது. இந்நோயில் மற்றொரு பயனும் உண்டு. மண்டைக்குள் உயர்ந்திருக்கும் அழுத்தம் நீரை எடுத்தவுடன் தணிவதால், ஊசி இட்ட சில மணி நேரத்தில் தலைவலி குறைந்து நோயாளி உறங்கிவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தேவைப்பட்டால் சில நாட்கள் கழித்து மீண்டும் எடுப்பதும் இதற்காகவே.

எடுக்கப்பட்ட நீர் சற்றே கலங்கி இளநீரின் தோற்றத்தில் இருப்பதுண்டு. அதில் நாங்கள் தேடுவது ஈசினோஃபில் என்னும் வெள்ளணு. புழுக்களும் ஒவ்வாமையும் இருக்கும் இடத்தில் பெருகும் அணு இது. இயல்பான தண்டுவட நீரில் இது காணப்படாது. நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒட்டுண்ணி பற்றிய ஐயம் வலுக்கிறது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. அணுக்களை வெறுமனே எண்ணும்போது ஈசினோஃபில் மற்ற அணுக்களோடு கலந்து தப்பிவிடும். தனிச் சாயமிட்டுப் பார்த்தால்தான் அதன் செந்நிற மணிகள் தெரியும். ஐயம் இருந்தால்தான் ஆய்வகத்தில் அவ்வாறு தேடச் சொல்வோம். ஐயம் எழ வேண்டுமானால் உணவுச்செய்தி எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புழுவே நீரில் காணக் கிடைப்பது அரிது. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். “ஸ்கேன் நார்மல், ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடக் கூடாது. மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய் ஆகியவற்றை விலக்கவும் ஸ்கேன் தேவைப்படுகிறது.

சிகிச்சை

ஸ்டீராய்டு மருந்தே இச்சிகிச்சையின் அடிப்படை. பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்போர் பலர். மடியும் புழுவுக்கு எதிராக உடல் மூட்டும் தீயே இங்குத் தலைவலியாகவும் நரம்புப் பாதிப்பாகவும் வெளிப்படுகிறது. அத்தீயைத் தணிப்பது ஸ்டீராய்டு. தாய்லாந்தில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் இரண்டு வாரம் பெற்றோருக்குத் தலைவலி முற்றிலும் நீங்கச் சராசரியாக 5 நாட்களும், பெறாதோருக்கு 13 நாட்களும் ஆயின. இரண்டு வாரச் சிகிச்சை என்பதால் நெடுங்காலப் பயன்பாட்டின் தீங்குகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இக்காலத்தில் சர்க்கரை உயரும், இன்சுலின் தேவைப்படலாம். தலைவலி தணிந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது தவறு. வலி மீண்டும் எழும்.

புழுவைக் கொல்லும் ஆல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூளைக்குள் புழுக்கள் ஒரே நேரத்தில் மடிந்தால் அழற்சி திடீரென மிகும் என்பது அச்சத்துக்குக் காரணம். கொடுப்பதாயின் ஸ்டீராய்டுடன் சேர்த்து, மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பதே முறை. உடும்பு உண்டுவிட்டோமே என்று பயந்து மருந்துக்கடையில் பூச்சிமாத்திரை வாங்கி விழுங்குவது வேண்டா. ஆண்டுதோறும் பள்ளிகளில் வழங்கப்படும் ஒற்றை மாத்திரை குடற்புழுக்களுக்குரியது; மூளையைத் தேடிச் செல்லும் இப்புழுவிலிருந்து அது குழந்தையைக் காக்கும் என்று எண்ணவும் கூடாது. அந்த மாத்திரை வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்; அதன் வேலை வேறு.

வீட்டில் செய்யக்கூடியவை

உடும்பே உண்ணாதவருக்கும் இந்நோய் வருமா? வரலாம். சிறுநத்தை ஒட்டிய கீரையைக் கவனியாமல் பச்சையாக உண்டால் போதும். 2000ஆம் ஆண்டு ஜமைக்காவுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய 23 அமெரிக்க இளைஞர்களுள் 12 பேர் இந்நோயுற்றனர். ஐயம் ஒரு பச்சைக்கீரை சாலட்டின் மேல் விழுந்தது. நாம் கீரையைக் கடைந்தும் பொரியல் செய்தும் உண்பது பெரிய பாதுகாப்பு. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் ஆகியவற்றை இதழ் இதழாகப் பிரித்து, ஓடும் நீரில், இலையின் பின்புறத்தைப் பார்த்துக் கழுவுங்கள். உப்புநீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் போதும் என்ற எண்ணம் நம்பத்தக்கதன்று. நீரில் விழுந்து இறந்த நத்தையிலிருந்து இளம்புழு நீருக்குள் வரக்கூடும் என்பதால், மழைநீர்த் தொட்டியையும் கிணற்றையும் மூடிவைத்து, குடிநீரைக் காய்ச்சிப் பருகுவது நன்று.

நத்தை, நண்டு, இறால் ஆகியவற்றைக் கொதிநிலையில் குறைந்தது ஐந்து நிமிடம் வேகவைத்தாலே இளம்புழு இறந்துவிடும். நம் குழம்பு அதைவிட நெடுநேரம் கொதிக்கிறது. தோட்டத்து நத்தைகளை அகற்றும்போது கையுறையோ பிளாஸ்டிக் உறையோ அணியுங்கள். உப்பு தூவிக் கொன்றபின் குழியில் புதைத்துவிடுங்கள். எலிகளுக்கு இடந்தராமல் குப்பையை மூடிவைப்பதும் இதே பணியின் பகுதி. தவழும் குழந்தை தரையில் கண்டதை வாயிலிடும். மழைக்காலத்தில் குளியலறையையும் முற்றத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள். குழந்தை நத்தையை விழுங்கிவிட்டதை நேரில் கண்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

வீடு திரும்பிய நோயாளிகளுக்கு ஒரு சொல். தலைவலி நீங்கிய பின்னும் தோல் கூச்சமும் மரமரப்பும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீடிக்கும், மெல்ல மறையும். வெந்நீர் ஒத்தடம் எரிச்சலைக் கூட்டுவதாகப் பலர் கூறுகின்றனர். தளர்ந்த பருத்தி ஆடை உதவும். தலைவலி மீண்டும் கடுமையானாலோ, பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நோயாளி பகலில் எழுப்பியும் எழாமல் உறங்கினாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டா. இரவாயினும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது மருந்துச்சீட்டையும் முந்தைய தண்டுவட நீர்ச் சோதனை முடிவையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.